களமும் சேறும்: மோட்டோகுறொஸ் ஓட்டத்தின் வரலாறு பற்றிய ஒரு நோக்கு

மட்டக்களப்பு நகரிலிருந்து வாழைச்சேனைக்குச் செல்லும் பெருவீதியில் அமைந்துள்ள ஊர் கிரான். வீதிக்குக் கிழக்கே கடலோரக் குடியிருப்புகள் உள்ளன. மேற்கே முந்தனை ஆற்றின் வெள்ளச் சமவெளியும் அதனையடுத்து வயல் வட்டைகளும் காடும் விரிந்து குடும்பிமலை வரை செல்கின்றன. வடகீழ்ப் பருவமழை பெருத்துவிட்டால், கிரானிலிருந்து புலிபாய்ந்தகல்லுக்குச் செல்லும் வீதி நீருக்குள் மறைந்துபோகும். மழை ஓய்ந்தபின் அங்கே எஞ்சுவது சேறு. அச்சேற்றை வென்று வயலுக்குப் போய்ச் சேர்வதே இப்பகுதி மக்களின் வாழ்வில் ஒரு பெரும்பகுதியாக இருந்து வந்திருக்கிறது.

இத்தகைய நிலத்திலிருந்து பார்க்கும்போது, உலகின் வேறு சில பாகங்களில் மனிதர் வேண்டுமென்றே மேடும் பள்ளமும் சேறும் அமைத்து, அதன்மேல் இயந்திர ஊர்திகளை ஏற்றி இறக்கி ஒரு நாள் முழுவதும் விளையாடிக் களிக்கின்றனர் என்பது விந்தையாகவே தோன்றும். மோட்டோகுறொஸ் எனப்படும் இவ்விளையாட்டுக்கும், ஏ.ரீ.வி. எனச் சுருக்கமாக வழங்கும் நாற்சக்கர மோட்டார் சைக்கிளுக்கும் ஒரு நூற்றாண்டு வரலாறு உண்டு. அவ்வரலாறு இலங்கையின் மலைச்சாரல் வரை வந்து, 2024ஆம் ஆண்டில் ஒரு பெருந்துயரில் முட்டி நின்றது. களம் என்ற தமிழ்ச்சொல் நெற்களத்தையும் போர்க்களத்தையும் ஆடுகளத்தையும் ஒருங்கே குறிப்பது. இம்மூன்றும் வரலாற்றில் எவ்வளவு அண்மையில் நின்றிருக்கின்றன என்பதை இவ்விளையாட்டின் கதை காட்டுகிறது.

மோட்டோகுறொஸின் தொடக்கத்தை ஆய்வோர் சுட்டும் நாள் 1924 மார்ச் 29. இடம், இங்கிலாந்தின் சரே மாவட்டத்திலுள்ள கேம்பர்லி. அதற்குப் பத்தாண்டுகள் முன்னர் வட இங்கிலாந்தின் யோக்ஷயரில், அல்பிரட் ஸ்கொட் என்ற மோட்டார் சைக்கிள் உற்பத்தியாளரின் பெயரால் ஒரு போட்டி ஏற்பட்டிருந்தது. அதில் வேகத்தோடு திறமையும் அளக்கப்பட்டது. குறிப்பிட்ட கடினமான இடங்களில் காலை நிலத்தில் ஊன்றாமல் கடக்க வேண்டும் என்பது அதன் விதி. தெற்கே இருந்தவர்கள் இதனைப் பின்பற்ற விரும்பினர்; ஆயின் திறமையளக்கும் அப்பகுதியை நீக்கிவிட்டு வேகத்தை மட்டும் வைத்துக்கொண்டனர். இதனைத் தேர்வோட்டம் என்று அழைத்தல் பொருந்தாது என அதிகார சபையினர் கருதவே, தட்டுத்தடுமாறி முட்டிமோதி ஏறுவதைக் குறிக்கும் ‘ஸ்கிராம்பிள்’ என்னும் பெயர் வந்து ஒட்டிக்கொண்டது. ஏறத்தாழ ஐம்பது மைல் தூரத்தை ஆதர் ஸ்பார்க்ஸ் என்பவர் இரண்டு மணித்தியாலத்திற்குச் சற்றுக் கூடிய நேரத்தில் கடந்து முதலிடம் பெற்றார். புறப்பட்டவர்களுள் பலர் ஓட்டத்தை முடிக்கவில்லை.

கேம்பர்லி எத்தகைய ஊர் என்பதையும் ஈண்டு நோக்குதல் வேண்டும். பிரித்தானியத் தரைப்படை அதிகாரிகளைப் பயிற்றும் சாண்ட்ஹேர்ஸ்ட் கல்லூரி அதன் அருகிலேயே உள்ளது. அச்சுற்றுப்புறத்துப் பற்றைக்காடுகள் நெடுங்காலமாகப் படையினர் நடைபயின்ற நிலங்கள். போருக்குப் பழகும் நிலத்தின் ஓரத்திலேதான் இவ்விளையாட்டுப் பிறந்தது. பின்னாளில் இதில் புகழீட்டிய பி.எஸ்.ஏ. என்னும் மோட்டார் சைக்கிளின் பெயரும், பர்மிங்ஹாமில் துப்பாக்கி செய்வதற்கென்று அமைந்த தொழிலகத்தின் பெயர்ச் சுருக்கமே ஆகும்.

ஆங்கிலேயர் இயற்கையாக அமைந்த காட்டிலும் மேட்டிலும் ஓடினர். பிரெஞ்சுக்காரர் அதனை மாற்றினர். நெடுந்தூர வழியைச் சுருக்கி வளையமாக்கி, பல சுற்றுகள் ஓடும்படி செய்தனர், தடைகளைக் கூட்டினர். அவ்வாறு செய்தமையால் பார்ப்பவர் ஓரிடத்தில் நின்றே முழுப் போட்டியையும் காண முடிந்தது. மோட்டார் சைக்கிள் என்பதையும் நாடு கடந்தோடும் ஓட்டம் என்பதையும் சேர்த்து ‘மோட்டோகுறொஸ்’ என்ற பெயரையும் இட்டனர். இம்மாற்றம் சிறியதன்று. வழியாக இருந்தது களமாயிற்று. வழி ஓரிடத்திலிருந்து மற்றோர் இடத்துக்குக் கொண்டுசெல்வது. களமோ புறப்பட்ட இடத்துக்கே மீண்டும் கொண்டுவந்து விடுவது. களம் என்றவுடனே அதற்கு எல்லை வேண்டும், எல்லைக்கு அப்பால் நிற்பவரும் வேண்டும். இவ்விளையாட்டின் பிற்காலச் சிக்கல்கள் யாவும் இவ்வெல்லையைப் பற்றியனவே எனலாம்.

இரண்டாம் உலகப் போரின் பின்னர் விளையாட்டு விரைந்து பரவியது. 1947இல் நெதர்லாந்தில் நாடுகளுக்கிடையிலான முதற் போட்டி நடைபெற்றது. 1952இல் ஐரோப்பிய வாகையர் போட்டியும், 1957இல் உலக வாகையர் போட்டியும் ஏற்பட்டன. 1964, 1965ஆம் ஆண்டுகளில் ஜெப் ஸ்மித் பி.எஸ்.ஏ. வண்டியில் உலக வாகை சூடினார். அதன்பின் பாரமான பிரித்தானிய இயந்திரங்களின் காலம் முடிந்து, சுவீடனினதும் செக்கோசிலவாக்கியாவினதும் இலேசான இயந்திரங்கள் முன்னணிக்கு வந்தன. 1970இல் பெல்ஜிய வீரர் ஜோயல் ரொபேட் சுசுகியில் வென்றதோடு யப்பானியரின் காலம் தொடங்கியது. 1972 யூலையில் அமெரிக்காவின் லொஸ் ஏஞ்சல்ஸ் நகரில், ஒலிம்பிக் விழா நடந்த விளையாட்டரங்கினுள்ளேயே மண்ணைக் கொட்டி மேடுகள் அமைத்துப் போட்டி நடத்தினர். வென்றவர் பதினாறு வயதுச் சிறுவரான மார்ட்டி ட்ரைப்ஸ். காட்டிலிருந்து புறப்பட்ட விளையாட்டு, காடே இல்லாத நகரத்தின் நடுவில் காட்டைப் போலச் செய்துகொண்டு அமர்ந்துவிட்டது. இவ்வடிவத்துக்கு வழங்கிய ‘சுப்பர் குறொஸ்’ என்னும் பெயரே பின்னர் இலங்கைக்கும் வந்தது.

இனி, நாற்சக்கர ஊர்தியின் கதைக்கு வருவோம். இதன் பிறப்பு விளையாட்டின் பொருட்டு நிகழ்ந்ததன்று. வணிகத்தின் பொருட்டு நிகழ்ந்தது. அமெரிக்காவில் பனிக்காலம் வந்தால் மோட்டார் சைக்கிள் விற்பனை படுத்துவிடும். பனியிலும் சேற்றிலும் மணலிலும் ஓடத்தக்க ஒன்று இருந்தால் கடைகளை ஆண்டு முழுவதும் நடத்தலாம் என்று அங்குள்ள முகவர்கள் ஹொண்டா நிறுவனத்தைக் கேட்டனர். ஒசாமு தக்கெயுச்சி என்னும் பொறியியலாளர் பல எண்ணிக்கையிலான சக்கரங்களைப் பூட்டிப் பார்த்து, மூன்றே போதும் என்று முடிவு செய்தார். 1970இல் யூ.எஸ்.90 என்னும் வண்டி வெளிவந்தது. அதன் சிறப்பு இயந்திரத்தில் இல்லை; ரயரில் இருந்தது. மிகக் குறைந்த காற்றமுக்கம் கொண்ட, பூசணிக்காய்போல் உப்பிய பெரிய ரயர்கள் நிலத்தை வெட்டாமல் அதன்மேல் மிதந்து சென்றன. அதிர்ச்சி தாங்கும் சுருள்வில் எதுவும் அதில் இல்லை. ரயரே வில்லின் வேலையையும் செய்தது.

மென்மையான நிலத்தில் பாரத்தைப் பரப்பி நிற்றல் என்ற இத்தத்துவம் கிரான் உழவனுக்குப் புதியதன்று. எருமைகளைச் சேர்த்துக் கட்டி மிதிப்பித்து வயலைச் சேறாக்கிய காலத்தின் பின்னர், இருசக்கரக் கையுழவு இயந்திரம் இப்பகுதிக்கு வந்தது. லாண்ட்மாஸ்டர் என்ற ஆங்கிலேய இயந்திரத்தின் பெயரே அவ்வினம் முழுவதற்கும் பெயராகிவிட்டது. சேற்று உழவுக்கு அதன் ரயரைக் கழற்றிவிட்டு அகலமான இரும்புச் சில்லுகளைப் பூட்டுவர். உழவு முடிந்தால் ரயரைப் பூட்டி, பின்னே பெட்டியைக் கொளுவி, நெல் மூடைகளையும் வீட்டாரையும் ஏற்றிக்கொண்டு வீதிக்கு வருவர். தேவைக்கேற்பக் காலை மாற்றிக்கொள்ளும் இவ்வியந்திரத்தை, எந்நிலமும் ஏகும் ஊர்தி என்று அழைப்பதில் தவறில்லை. ஆனால் ஒருவரும் அதனை விளையாட்டுக்கென ஓட்டியதில்லை; எரிபொருளின் விலை அதற்கு இடங்கொடுத்ததுமில்லை.

அமெரிக்காவில் நடந்தது வேறு. பனிக்காலத்துக்கென வந்த வண்டியைச் சிறுவர்கள் கோடையில் மணல்மேடுகளுக்குக் கொண்டுசென்றனர். பின்னர் மோட்டோகுறொஸ் களத்துக்கும் கொண்டுசென்றனர். 1981இல் ஹொண்டா போட்டிக்கென்றே வலுக்கூடிய முச்சக்கர வண்டியொன்றை வெளியிட்டது. சுசுகி அடுத்த ஈராண்டுக்குள் நான்கு சக்கர வண்டியைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. முச்சக்கர வண்டியின் குறை களத்திலேதான் முழுமையாக வெளிப்பட்டது. வளைவில் திரும்பும்போது வெளிப்பக்கம் தாங்க முன்னே சக்கரம் இல்லாமையால் அது எளிதில் புரண்டது. நீளமான இருக்கையும் உருண்ட ரயரும் அதனை ஒரு விளையாட்டுப் பொருளாகக் காட்டின. பெற்றோரும் அவ்வாறே நம்பிப் பிள்ளைகளுக்கு வாங்கிக் கொடுத்தனர். மரணங்கள் பெருகின. அமெரிக்க அரசு வழக்குத் தொடுக்கவே, 1988இல் உற்பத்தியாளர்கள் நீதிமன்ற உடன்படிக்கையொன்றுக்கு இணங்கினர். புதிய முச்சக்கர வண்டிகளின் விற்பனை நின்றது. வாங்குவோருக்குப் பயிற்சி அளிக்கவும், இயந்திர வலுவுக்கேற்ப ஓட்டுபவரின் வயதை வரையறுக்கவும் உற்பத்தியாளர் ஒப்புக்கொண்டனர். ஒரு பொருளின் இயல்பு அதனைச் செய்தவனுக்கு முன்னரே தெரிந்திருக்க வேண்டும் என்பது நியாயமான எதிர்பார்ப்பு. இங்கு அது பிள்ளைகளின் உயிரைக் கொண்டு அறியப்பட்டது.

நான்கு சக்கரமும் முழுப் பாதுகாப்பன்று. அது களத்தில் எவ்வாறு நடந்துகொள்கிறது என்பதை அறிந்தால் இவ்விளையாட்டின் உடல் உழைப்பும் விளங்கும். மோட்டார் சைக்கிள் வளைவில் தானே சாய்ந்து திரும்பும். நாற்சக்கர வண்டி சாயாது. போட்டி வண்டிகளின் பின்சக்கரங்கள் இரண்டும் ஒரே அச்சில் இறுகப் பூட்டப்பட்டுள்ளமையால், ஒன்று மற்றொன்றைவிட விரைந்து சுழல முடியாது. ஆகவே வண்டி எப்போதும் நேரே போகவே விரும்பும். அதனைத் திருப்ப வேண்டுமாயின், ஓட்டுபவர் இருக்கையை விட்டெழுந்து, வளைவின் உட்பக்கமாகத் தம் உடல் முழுவதையும் தொங்கவிட்டு, வலக்கைப் பெருவிரலால் விசையைக் கூட்டிப் பின்சக்கரங்களைச் சறுக்க வைக்க வேண்டும். பொருந்துவது ஓரளவுக்குக் கலப்பை பிடிப்பதோடுதான். அங்கும் ஆளின் பாரமே கருவியைத் திருப்புகிறது.

காலையில் நீர் தெளித்து உழுதுவிட்ட களம் மென்மையாக இருக்கும். முதற் சுற்றுகளை மெதுவாகச் சுற்றி, எந்த மேட்டின் அப்பால் என்ன இருக்கிறது என்று பார்த்துக்கொள்வது வழக்கம். மேட்டின் மறுபுறம் ஏறுபவரின் கண்ணுக்குத் தெரியாது என்பதே காரணம். மேட்டிலிருந்து பாய்ந்தால், மறுபக்கச் சரிவில் நான்கு சக்கரங்களும் ஒருங்கே பதியும்படி இறங்க வேண்டும். தூரம் குறைந்து சமதரையில் விழுந்தால் அதிர்ச்சி முழுவதும் முள்ளந்தண்டில் ஏறும். நண்பகலாகும்போது களம் மாறிவிடும். வளைவுக்கு முன்னர் எல்லோரும் பிறேக் பிடிக்கும் இடத்தில் நிலம் அலையலையாகக் குழிந்துவிடும்; சக்கரத் தடங்கள் ஆழமான வாய்க்கால்களாகும். காலையில் ஓட்டிய களத்தையே மாலையிலும் ஓட்டுவதாக எண்ணுபவர் விழுவார். முன்கைகள் மரத்து விரல்கள் கைப்பிடியை மூட மறுக்கும். சோர்வு வந்த பின்னரும் ‘இன்னும் ஒரு சுற்று’ என்று ஆசைப்படும் நேரமே ஆபத்தான நேரம் என்பர் அனுபவமுடையோர். களத்தின் ஓரத்தில் கொடியேந்தி நிற்பவர்கள் மஞ்சட் கொடியை அசைத்தால், முன்னே யாரோ விழுந்து கிடக்கிறார் என்பது பொருள். வேகத்தைத் தணிக்க வேண்டும், முந்தக் கூடாது. மேட்டின் மறுபுறத்தைக் காணும் கண் அந்தக் கொடியே.

இலங்கையில் மோட்டார் ஓட்டப் போட்டி ஆங்கிலேயத் தோட்டத்துரைமாரின் பொழுதுபோக்காகத் தொடங்கிற்று. நுவரெலியாவின் மஹகஸ்தோட்டை மலையேற்றப் போட்டி 1934இல் ஆரம்பமானது. இரண்டாம் உலகப் போர் முடிந்தபோது, விமானங்களுக்கென அமைத்த ஓடுபாதைகள் ஆளின்றிக் கிடந்தன. களுத்துறைக்கு அண்மையில் பிரித்தானியக் கடற்படையின் விமானத்தளமாயிருந்த கட்டுக்குருந்தை ஓட்டப்பந்தயக் களமாயிற்று. இது இலங்கைக்கு மட்டும் உரியதன்று. இங்கிலாந்தில் சில்வர்ஸ்டன் போர்விமானத் தளம் 1948 முதல் பந்தயக் களமானது. தமிழகத்தில் சென்னைக்கு வடக்கேயுள்ள சோழவரத்தின் போர்க்கால ஓடுபாதையும் அவ்வாறே புகழ்பெற்றது. 1953இல் தோன்றிய சென்னை மோட்டார் விளையாட்டுக் கழகம் இருங்காட்டுக்கோட்டையில் தனக்கெனக் களம் அமைத்துக்கொள்ள 1990 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. போர் விட்டுச்சென்ற நிலத்தை விளையாட்டு எடுத்துக்கொள்வது ஒருவகையில் மகிழ்ச்சிக்குரியதே.

தியத்தலாவை இதனிலும் நுட்பமான சான்று. ஊவா மலைநாட்டில் அமைந்த இவ்வூரில் 1900ஆம் ஆண்டு, தென்னாபிரிக்காவில் பிடிபட்ட போயர் கைதிகள் ஏறத்தாழ ஐயாயிரம் பேரை ஆங்கிலேயர் சிறைவைத்தனர். அவர்கள் சென்றபின் அது படைத்தளமாகவும் ஓய்வுத்தலமாகவும் விளங்கியது. ‘பொக்ஸ்’ என்னும் போர்க்கப்பலின் மாலுமிகள் அங்கு வந்து தங்கியபோது, தம் கப்பலின் பெயருக்கேற்ப மலைச்சரிவில் வெண்கற்களால் ஒரு நரியுருவை அமைத்தனர். அதனால் அது நரிமலை எனப் பொருள்படும் ‘பொக்ஸ் ஹில்’ ஆயிற்று. சுதந்திரத்தின் பின்னர் இலங்கை இராணுவத்தின் அதிகாரிகள் பயிற்சிக் கல்லூரி அங்கேயே அமைந்தது. அக்கல்லூரியின் ஆதரவில் 1993இல் தொடங்கியதே பொக்ஸ் ஹில் சுப்பர் குறொஸ். கேம்பர்லியின் பக்கத்தில் சாண்ட்ஹேர்ஸ்ட் நின்றதுபோல, இங்கும் படைக் கல்லூரியின் பக்கத்திலேயே மண்களம் வெட்டப்பட்டது. மோட்டார் சைக்கிள்களும் கார்களும் அதில் ஓடின. ஏப்ரல் மாதத்தில் புத்தாண்டை ஒட்டி நிகழும் இவ்விழாவைக் காண மலைச்சரிவெங்கும் மக்கள் நிறைந்தனர்.

1993 என்ற ஆண்டைக் கிரானிலிருந்து நினைத்துப் பார்த்தல் தகும். அது போர்க்காலம். கிரானின் மேற்குப்புறக் காடுகள் போர்நிலமாயிருந்தன. குடும்பிமலைப் பகுதியை இராணுவம் கைப்பற்றியது 2007 யூலையிலேதான். ஒரே தீவின் ஒரு மூலையில் படைத்தளம் விளையாட்டுக் களமாகி நின்ற காலத்தில், மற்றொரு மூலையில் வயலும் நெற்களமும் போர்க்களமாகிக் கிடந்தன. உழப்போனவன் கண்ணிவெடிக்கு அஞ்சினான். மட்டக்களப்பு மாவட்டம் கண்ணிவெடியற்றதென அறிவிக்கப்பட 2017 வரை ஆயிற்று. தடம் விலகாமல் செல்லுதல் என்பது தியத்தலாவையில் போட்டி விதியாக இருந்தது. கிரானின் மேற்கே அது உயிர்காக்கும் வழியாக இருந்தது.

பொக்ஸ் ஹில் போட்டி 2019இன் பின்னர் சில ஆண்டுகள் நடைபெறவில்லை. 2024 ஏப்ரல் 21ஆம் நாள் மீண்டும் நடந்தபோது பெருங்கூட்டம் திரண்டது. கார்ப் போட்டியில் ஒரு கார் கவிழ்ந்தது. மஞ்சட் கொடிகள் அசைந்தன. எனினும் பின்வந்த கார்களுள் ஒன்று தடம் விலகிப் பார்வையாளர்மேல் பாய்ந்தது. ஏழு பேர் இறந்தனர். அவர்களுள் எட்டு வயதுச் சிறுமியும், களத்தில் கடமையிலிருந்த உதவியாளர்களும் அடங்குவர். இருபதுக்கு மேற்பட்டோர் காயமுற்றனர்.

இவ்விபத்தை ஓட்டுநரின் தவறு என்று மட்டும் கூறி அமைதல் வரலாற்று நோக்கன்று. பிரெஞ்சுக்காரர் வழியைக் களமாக்கிய அன்றே, பார்ப்பவரை ஓடுபவருக்கு மிக அண்மையில் கொண்டுவந்து நிறுத்தினர். அண்மையே அவ்விளையாட்டின் கவர்ச்சி; மண் தெறிக்கும் தூரத்தில் நிற்கவே மக்கள் விரும்புகின்றனர். இயந்திரங்களின் வேகம் பல மடங்கு கூடியபோதும் அந்த விருப்பம் குறையவில்லை. வேலியும் இடைவெளியும் வேகத்தின் அளவுக்கு வளராத களத்தில், கொடியசைப்பவரே முதலில் பலியாகிறார். விளையாட்டை நிறுத்திவிட வேண்டும் என்று சிலர் கூறுவதும் ஏற்புடையதாகத் தோன்றவில்லை. முச்சக்கர வண்டி மறைந்தபோது நாற்சக்கர வண்டி மறையவில்லை. அதனை ஓட்டும் வயதுக்கும் பயிற்சிக்கும் எல்லை வகுக்கப்பட்டது. அவுஸ்திரேலியாவில் பண்ணைகளில் வண்டி புரண்டு உழவர் இறப்பது தொடர்ந்தபோது, 2021 முதல் புதிதாக விற்கும் வண்டிகள் புரளும்போது ஓட்டுபவரைக் காக்கும் அமைப்பைக் கொண்டிருக்க வேண்டும் எனச் சட்டம் வந்தது. பெரிய உற்பத்தியாளர் சிலர் அதற்கிணங்காது அச்சந்தையை விட்டே விலகினர். அவர்கள் விலகியமை வருந்தத்தக்கதுமன்று.

அதே 2024ஆம் ஆண்டின் நவம்பர் இறுதியில் கிழக்கிலே பெருமழை கொட்டியது. கிரானிலிருந்து புலிபாய்ந்தகல்லுக்குச் செல்லும் வீதியை 2011 ஜனவரியில் போலவே வெள்ளம் மூடியது. மேற்கேயுள்ள கிராமத்தவர்க்குப் படகும் உழவு இயந்திரமுமே வழியாயின. அத்தகைய வெள்ளத்தில் பெட்டி நிறைய ஆட்களை ஏற்றிக்கொண்டு இறங்கும் உழவு இயந்திரத்தின் முன்னே, வீதியின் விளிம்பு எங்கே முடிகிறது என்பதைக் காலால் தடவித் தடவி ஒருவர் இடுப்பளவு நீரில் நடந்து செல்வார்.